யார் கூப்பிட்டது?

செவ்வாய்க்கிழமை

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நேற்று பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில், வகுப்பாசிரியை என்ற இடத்தில் உங்கள் பெயரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். நீங்கள் இங்கே மாற்றலாகி வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கம் என்பதற்காக என் மகளை இங்கே சேர்த்திருக்க மாட்டேன்.

அடுத்த பிரிவுக்கு மாற்றித் தரும்படி ஹெச்.எம். அம்மாவிடம் கேட்டேன். அங்கே இடமில்லை, அரையாண்டு வரை பொறுங்கள் என்றார். என்ன காரணம் என்றும் கேட்டார். "அவங்க என் கூடப் பிறந்த அக்கா, அஞ்சு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை" என்று எந்த வாயால் சொல்வது? பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பிரிவில் இருக்கிறாள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே எழுதியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவளுக்குப் பெரியம்மா என்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். டீச்சர் டீச்சராக இருந்தால் போதும்.

முக்கியமானது இதுதான். அவளுடைய முதல் பிறந்தநாளன்று, இருபது பேர் கூடியிருந்த இடத்தில், அவள் பின்னால் போய் நின்று இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டீர்கள். குழந்தை வலது பக்கம் திரும்பினாள். மறுபடி கூப்பிட்டீர்கள். மறுபடியும் வலது பக்கம். எல்லோரும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "இவளுக்கு இடது காது கேக்கலைடி" என்றீர்கள். என் மாமியார் உட்பட அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

என் மகள் நன்றாக இருக்கிறாள். உங்கள் சோதனை எதுவும் அவளுக்குத் தேவையில்லை.

இப்படிக்கு,
மாணவியின் தாய்


பள்ளி நாள் 4, வியாழன்

மாணவியின் தாயார் அவர்களுக்கு,

இப்படியே தொடர்ந்து எழுதணும்னு நாலு தாளைக் கிழிச்சுப் போட்டேன். அஞ்சாவது தாளில சிரிப்பு வந்துடுச்சு. நீ கோபமா இரு, அது உன் உரிமை. ஆனா உனக்கு 'நீங்கள்' போட்டு எழுத என் கை மடங்க மாட்டேங்குது.

மேலே நாள் கணக்கு போட்டிருக்கேனே, அது ஒன்றாம் வகுப்புப் பழக்கம். தினமும் காலையில ஒரு குழந்தை வந்து ஒரு ஐஸ் குச்சியை டப்பாவில போடும், எல்லாரும் சத்தமா எண்ணுவோம். பத்து சேர்ந்தா ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. பதினெட்டு வருஷமா எண்ணி எண்ணி எனக்கே காலண்டர் மறந்து போச்சு.

உன் பொண்ணு அழலை. முதல் நாள் பதினொரு பேர் அழுதாங்க. இவ பக்கத்துல ஒரு பையன் மூக்கை ஒழுக விட்டுட்டு இருந்தான். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டி, "இன்னைக்கு நீ அழு, எனக்கு வேணும்னா நாளைக்கு வாங்கிக்கறேன்"னா. எனக்கு உன்னைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. பிறந்தப்போ நான் அவளுக்கு வெச்ச பேர் ஞாபகம் இருக்கா? குண்டூசி. அந்தப் பார்வை இன்னும் அப்படியேதான் குத்துது. கவலைப்படாதே, மனசுக்குள்ளதான் கூப்பிடறேன்.

அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. இருபது பேர் நடுவுல செஞ்சது தப்பு. 'நுணலும் தன் வாயால் கெடும்'னு அம்மா என்னைப் பாத்துத்தான் சொல்லுவா. சோதனை எதுவும் வைக்க மாட்டேன், வாக்கு கொடுக்கறேன்.

இதை உறையில ஒட்டி அவ டைரிக்குள்ள வைக்கறேன். நீயும் அப்படியே அனுப்பு. போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் கத்த ஆரம்பிச்சுடுவோம். நம்ம தபால்காரிக்கு இப்போதைக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்ட ஆரம்பிக்கிறதுக்குள்ள நம்ம சண்டை முடிஞ்சா நல்லது.

வகுப்பாசிரியை
(நீ 'அக்கா'ன்னு கூப்பிடற வரைக்கும் அப்படியே போட்டுக்கறேன்)


புதன்கிழமை

டீச்சர்,

வாக்கு கொடுத்து ஒரு வாரம் ஆகலை.

முதல் மூணு நாள் நடு வரிசையில உக்காந்திருந்தா. இப்போ இடது சுவர் ஓரம், முதல் வரிசை. அதாவது இடது காது சுவத்துக்கு, வலது காது உங்களுக்கு. நான் மருந்துக்கடைக் கவுன்டர்ல நிக்கறவதான். ஆனா டாக்டருங்க கிறுக்கறதையே படிச்சு மாத்திரை எடுத்துக் கொடுக்கறேன். இது எனக்குப் புரியாதா?

அது மட்டுமா. நேத்து சாயங்காலம் வந்ததும் வராததுமா, "அம்மா, இன்னைக்கு யார் கூப்பிட்டது விளையாட்டு விளையாடினோம், நான் மட்டும் தோத்துட்டேன்"னா. அப்புறம் சாப்பிடலை. கேட்டா பசிக்கலையாம்.

என் பொண்ணு தோக்கற விளையாட்டா பாத்து எடுத்தீங்களா? அஞ்சு வருஷம் கழிச்சும் நீங்க சொன்னது சரின்னு நிரூபிச்சே ஆகணுமா? ஒரு குழந்தையை நடுவுல உக்கார வெச்சு வேடிக்கை பாக்கறதுக்குத்தான் டீச்சர் வேலையா?

பழைய இடத்திலேயே உக்கார வையுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.

மாணவியின் தாய்


பள்ளி நாள் 9

சின்னவளே,

கத்தி முடிச்சாச்சா? ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மேலே படி.

அந்த விளையாட்டு உன் பொண்ணுக்காக வெச்சதில்லை. ரெண்டாவது வாரத்தில வருஷா வருஷம் வைக்கறது. ஒரு குழந்தை நடுவுல கண்ணை மூடிட்டு உக்காரும். சுத்தி நிக்கறதுல ஒண்ணு கூப்பிடும். எந்தப் பக்கத்திலேருந்துன்னு கை காட்டணும், யாருன்னு சொல்லணும். புதுசா வந்த குழந்தைங்க ஒருத்தர் குரலை ஒருத்தர் பழகிக்கறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியலை. அவ முறை வந்தப்போ நிறுத்தியிருக்கலாம். இருபத்தாறு பேருக்கு முறை கொடுத்துட்டு அவளை மட்டும் விட்டா, அப்புறம் அவளைப் பத்திக் குழந்தைங்க என்ன நினைக்கும்?

நாலு தடவை கூப்பிட்டாங்க. யாருன்னு நாலு தடவையும் டக் டக்னு சொன்னா. எங்கேருந்துன்னு மூணு தடவை தப்பாக் காட்டினா, மூணும் வலது பக்கம். ஒரு வாண்டு சிரிச்சுது. நாலாவது தடவை திருட்டுத்தனமா ஒரு கண்ணைத் திறந்து, சுத்தி எல்லார் முகத்தையும் பாத்து, எவன் சிரிப்பை அடக்கிட்டு நிக்கறானோ அவனைக் காட்டினா. எல்லாரும் கை தட்டினாங்க. நான் தட்டலை.

இடத்தை மாத்தினது நான்தான், மறுக்கலை. அது சோதனை இல்லை, உதவி. ஆனா உன்கிட்டக் கேக்காம செஞ்சேன்.

இப்போ ஒரு விஷயம். ஆறாவது வாரக் கடைசியில ஒவ்வொரு குழந்தைக்கும் கவனிப்புத் தாள் எழுதி ஹெச்.எம். கையில கொடுக்கணும். பார்வை, காது, பேச்சு, கை வேலைன்னு கட்டம் கட்டமா இருக்கும். காதுக் கட்டத்தில நான் என்ன எழுத? 'நன்று'ன்னு எழுதினா பொய். அதுக்குள்ள ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டிடேன். நான் சொன்னது தப்புன்னு அவர் சொல்லட்டும், உன் வாசல்ல வந்து நின்னு மன்னிப்புக் கேக்கறேன்.

வகுப்பாசிரியை


வெள்ளிக்கிழமை, கடையில் மதியம்

அக்கா,

காட்டியாச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடியே காட்டியாச்சு.

இடது காது பிறவியிலேயே கேக்காது. மிஷின் வெச்சாலும் அந்தக் காதுக்குப் பலன் இல்லைன்னுட்டாங்க. வலது காது நல்லா இருக்கு, அதைப் பத்திரமாப் பாத்துக்கோங்கன்னாங்க. நீ சொன்னது அத்தனையும் சரி. போதுமா?

நீ தப்பாச் சொல்லியிருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன். சரியாச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியலை. பத்து மாசம் சுமந்து, ஒரு வருஷம் இடுப்பை விட்டு இறக்காம வெச்சிருந்தவ நான். எனக்குத் தெரியாதது, கேக் சாப்பிட வந்த உனக்குப் பத்து நிமிஷத்தில தெரிஞ்சுது. அவளுக்கு அம்மா நீயா நானா?

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் அத்தை கேட்டாங்க, "உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி உண்டா?" அப்படி ஒண்ணுமே இல்லை, அக்காவுக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லி மூடிட்டேன். டாக்டர்கிட்ட அவர்தான் கூட வந்தார். ஒயரிங் வேலைக்கு மூணு மாடி ஏணியில ஏறுற மனுஷன், ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து எழுந்திருக்கவே இல்லை. "அம்மாகிட்ட மட்டும் இப்போ சொல்லாதே"ன்னார். அந்த 'இப்போ' மூணு வருஷம் ஓடிப்போச்சு.

அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். யார் பேசினாலும் முதல்ல வாயைப் பாரு. புரியலைன்னா பக்கத்துல இருக்கறவ என்ன பண்றான்னு பாரு. அதுவும் புரியலைன்னா சிரி. யார்கிட்டயும் சொல்லாதே. ஒழுங்கா செய்யறா. நீ ஒருத்திதான் கண்டுபிடிக்கறே.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பள்ளிக்கூடத்தில ஒரு தாளில எழுதிட்டா அது வகுப்பு வகுப்பா அவ பின்னாலயே வரும். 'காது கேக்காத பொண்ணு'ன்னு பேர் விழுந்துட்டா அப்புறம் அவ படிக்கறதையும் பாடறதையும் எவ பாப்பா?

அந்தக் கட்டத்தில எதுவும் எழுதாதே. எனக்கு ஏதாவது செய்யணும்னு நீ நினைச்சா, இதைச் செய்.

தங்கை


பள்ளி நாள் 11

சின்னவளே,

சனி ஞாயிறு ரெண்டு நாளும் இதே யோசனை. உப்பைப் போட்டேனா இல்லையான்னு தெரியாம சமைச்சேன்.

சரி. எழுத மாட்டேன். அரையாண்டு வரைக்கும். ஹெச்.எம்.கிட்ட சொல்ல மாட்டேன், புதுசா வந்திருக்கற உதவி டீச்சர்கிட்டக்கூடச் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீ மனசைத் தயார் பண்ணிக்கோ. இது சரியில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்றேன். ஏன்னா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உன்னைக் கேக்காம செஞ்சேன், இந்தத் தடவை நீ கேட்டதைச் செய்யலாம்னு பாக்கறேன்.

ஆனா இடத்தை மாத்த மாட்டேன். சுவர் ஓரத்திலேயே இருக்கட்டும். எதையும் சொல்றதுக்கு முன்னாடி மேசையை ரெண்டு தட்டு தட்டறேன், எல்லாரும் என் முகத்தைப் பாத்தப்புறம்தான் பேசறேன். எல்லாருக்கும் பொதுவான பழக்கம்னுதான் குழந்தைங்க நினைச்சுட்டு இருக்கு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. களிமண்ணுல எழுத்து செய்யறப்போ, மணி கோக்கறப்போ அவ ராணி. ஆனா பாய் விரிச்சு எல்லாரும் உக்காந்து கதை பேசற நேரத்தில, அவ கண்ணு நிக்கறதே இல்லை. ஒவ்வொரு வாயா ஓடுது. ரெண்டு மணிக்கெல்லாம் துவண்டு போயிடறா. மத்ததுங்க ஓடி ஆடிக் களைக்குது. இவ பாத்துப் பாத்துக் களைக்கறா.

நீயா நானா அம்மான்னு கேட்டியே. நீதான்டி. அதுல எனக்கு என்னைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள அக்கா,

ரெண்டு வாரமா ஒரே வேலை, எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போச்சு. ஊரெல்லாம் இருமல். இருமல் மருந்து வித்து வித்து எனக்கே இருமல் வந்துடுச்சு.

வீட்டில ஒரு நாளைக்கு நூறு தடவை 'எங்க டீச்சர் சொன்னாங்க'தான். பொம்மைங்களை வரிசையா உக்கார வெச்சு மேசையை ரெண்டு தட்டு தட்டறா. இடுப்பில கை வெச்சுட்டு, "யார் அது அங்க குசுகுசுன்னு?" அப்படிங்கறா. அவர் பாத்துட்டு, "இது அச்சு அசல் உன் அக்கா"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சார். நம்ம வீட்டில உன் பேச்சு சிரிப்போட வந்து எத்தனை நாளாச்சு!

நேத்து கடைக்கு வந்தவ, சுவத்தில இருக்கற விளம்பரத்திலெல்லாம் 'ப' எங்கெங்க இருக்குன்னு தேடித் தேடி எண்ணினா. மொத்தம் ஏழாம். மருந்து வாங்க வந்த ஒரு பெரியவரை நிறுத்தி வெச்சு எண்ணிக் காட்டினா. அவர் பாவம், காய்ச்சலோட நின்னு கை தட்டிட்டுப் போனார்.

அடுத்த லீவுக்கு வீட்டுக்கு வா. நீ யாருன்னு அவகிட்ட நானே சொல்றேன். அத்தைகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சு வைக்கறேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் தெருவைச் சுத்திப் பாக்கப் போறீங்களாமே? கதவு எத்தனை, மரம் எத்தனைன்னு எண்ணப் போறாளாம், இப்பவே பென்சில் சீவி வெச்சாச்சு. அனுமதிச் சீட்டில கையெழுத்து போட்டு வெச்சிருக்கேன்.

உன் தங்கை


பள்ளி நாள் 27

சின்னவளே,

போன்ல நான் சொன்னது பாதிதான். ஆபீஸ்ல நாலு பேர் நின்னாங்க, முழுசாச் சொல்ல முடியலை. நீயும் அவளைத் தூக்கிட்டு என் முகத்தைப் பாக்காம போயிட்டே. மீதியை எழுதி இன்னைக்கே ஆள்கிட்டக் கொடுத்தனுப்பறேன்.

ரெண்டு ரெண்டு பேரா கை கோத்து வரிசையாப் போனோம். முன்னால நான், கடைசியில உதவி டீச்சர். கிளம்பும்போது அவளை என் பக்கத்திலதான் வெச்சிருந்தேன், வலது பக்கம் ரோடு இருக்கற மாதிரி. திரும்பி வரும்போது ஒரு பையனுக்கு செருப்பு அறுந்துடுச்சு. நான் குனிஞ்சு அதைப் பாத்துட்டு இருந்த நேரத்தில, உதவி டீச்சர் வரிசையைச் சரி பண்ணி நடத்திட்டுப் போயிட்டா. இவ ரோட்டு ஓரத்துக்கு வந்துட்டா. இடது காது ரோட்டுப் பக்கம்.

பின்னாலேருந்து ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடிச்சுது. இவளுக்குக் கேட்டுது. கேட்டதுதான் வினை. வலது பக்கம் வருதுன்னு நினைச்சு இடது பக்கம் தாவினா. ரோட்டுக்குள்ள. அந்த ஆள் பிரேக் போட்டு வண்டியோட சாஞ்சான். கண்ணாடி அவ முழங்கையை உரசிட்டுப் போச்சு. இன்னும் ஒரு அடி உள்ளே நின்னிருந்தா வண்டி அவ மேலேயே ஏறியிருக்கும்.

உதவி டீச்சர் அங்கேயே உக்காந்து அழுதா. "குழந்தை வண்டியைப் பாத்து ஓடுதுங்க, நான் என்ன பண்ணுவேன்"னா. அவ மேல ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இவளை உள்பக்கம் விட்டிருப்பா. சொல்ல வேண்டியவ நான். சொல்ல மாட்டேன்னு உனக்கு வாக்கு கொடுத்தவளும் நான். அந்த வாக்குதான் இன்னைக்கு அவளை ரோட்டு ஓரத்தில நிக்க வெச்சுது.

இனிமே முடியாது. கவனிப்புத் தாளை வெள்ளிக்கிழமை கொடுக்கணும். அதுக்குள்ள நீயே வந்து ஹெச்.எம்.கிட்ட சொல்லு. பெத்தவ சொன்னதா இருக்கட்டும், நான் பின்னால நிக்கறேன். நீ வரலைன்னா நான் எழுதுவேன். உனக்குக் கொடுத்த வாக்கை முறிக்கறேன், முறிக்கறதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுச் செய்யறேன்.

அக்கா


புதன்கிழமை

இதை அவர் கொண்டு வந்து கேட்டில் கொடுப்பார். அவளை அனுப்பப் போறதில்லை.

வர மாட்டேன். வந்து அந்த அம்மா முன்னாடி கை கட்டி நின்னு, ஆமாங்க மறைச்சேங்கன்னு சொல்ல மாட்டேன். ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனது நீ. செருப்பு அறுந்ததுன்னு குனிஞ்சது நீ. பழி மட்டும் வாயை மூடச் சொன்ன எனக்கா?

நீ வீட்டுக்கு வரணும்னு எழுதினேனே, என்னைச் சொல்லணும். அந்தப் பிறந்தநாளுக்கும் நான்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

இந்தத் தடவையும் நீதான் முதல்ல சொல்லணும், இல்லையா? சொல்லிக்கோ.


பள்ளி நாள் 30, வெள்ளி

சின்னவளே,

இதைத் தபாலில போடறேன். கொண்டு வர நம்ம தபால்காரி இல்லை.

மூணு மணி வரைக்கும் காத்திருந்தேன். கேட் சத்தம் கேக்கறப்பெல்லாம் ஜன்னல்கிட்டப் போனேன். அப்புறம் எழுதிக் கொடுத்துட்டேன். 'இடது காது கேட்பதில்லை. சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாது. வகுப்பில் சுவர் ஓரமாகவும் சாலையில் உள்பக்கமாகவும் வைக்கவும். மிகவும் கெட்டிக்காரி.' கடைசி வரிக்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில எழுதினேன்.

உன்னைப் பத்தி ஹெச்.எம்.கிட்ட ஒரு வார்த்தையும் சொல்லலை. எனக்கு நாலு வாரமாத் தெரியும், நான்தான் மறைச்சேன்னேன். எதுக்குன்னாங்க. என் தப்புன்னு மட்டும் சொன்னேன். மெமோ கொடுத்தாங்க. இந்த வருஷம் முழுக்கக் குழந்தைங்களை வெளியே கூட்டிட்டுப் போக எனக்கு அனுமதி இல்லை. வாங்கிக்கிட்டேன். கொடுத்தது நியாயம்தான்.

இன்னைக்கு முப்பதாவது குச்சி. அவ முறை. அவ வந்துதான் கட்டணும்னு கைக்குட்டை வாங்கின பையன் அடம் பிடிச்சான். மீதிக் குழந்தைங்க கட்டியே ஆகணும்னு. பெரிய பஞ்சாயத்து. கடைசியில ரப்பர் பேண்ட் போடாம அப்படியே வெச்சிருக்கோம்.

நீ என்னை இன்னும் அஞ்சு வருஷம் வெறுத்தாலும் சரி, ஐம்பது வருஷம் வெறுத்தாலும் சரி. அவளைக் கூட்டிட்டு நடக்கறவங்க யாரா இருந்தாலும் சொல்லி வை. அது போதும்.

அக்கா


திங்கட்கிழமை

அக்கா,

மூணு வாரமாச்சு உனக்குப் பதில் போட்டு. அவளை வேற பள்ளிக்கூடத்தில சேர்த்துட்டேன். உங்க ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க. டி.சி. வாங்க அவர்தான் வந்தார். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியா உன்னைப் பாத்தாராம். பேச வேணாம்னு நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

புதுப் பள்ளிக்கூடத்தில அந்த டீச்சர், சின்னப் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருந்தா ஜாஸ்தி. பேர், வயசு, தடுப்பூசி எல்லாம் எழுதிட்டு, "குழந்தையைப் பத்தி வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இடது காது கேக்காது"ன்னு வந்துச்சு. முன்பின் தெரியாத ஒருத்திகிட்ட முடிஞ்சுது. அந்தப் பொண்ணு, "சரிம்மா, அப்ப சுவர் ஓரமா உக்கார வைக்கறேன்"னு எழுதிக்கிட்டா. அவ்வளவுதான். எழுதிட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டா.

அத்தையும் கூட வந்திருந்தாங்க. அவங்க பக்கம் திரும்பவே பயமா இருந்துச்சு. வெளியே வந்தப்புறம் சொன்னாங்க, "இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா? உங்க அக்கா அன்னைக்கே சொன்னாளே, நான் அப்பவே நம்பிட்டேன். பெத்தவளே இல்லைங்கறா, நமக்கு எதுக்கு வம்புன்னு வாயைப் பொத்திட்டு இருந்தேன்." நான் யோசிச்சுப் பாத்தேன். அத்தை அவளை ஒரு நாளும் இடது பக்கத்திலேருந்து கூப்பிட்டதில்லை. முன்னால வந்து நின்னுதான் பேசுவாங்க. நான்தான் கவனிக்கலை. ஒரே வீட்டுக்குள்ள நானும் அவரும் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், ஒரே விஷயத்தை மறைச்சுட்டு இருந்திருக்கோம். இதுக்குப் போய் உன்னை விட்டேன்.

மறுபடி உன் வகுப்பிலேயே சேர்த்துடலாமான்னு அவர் கேட்டார். வேணாம்னுட்டேன். பிள்ளையைப் பிடுங்கிப் பிடுங்கி நட முடியாது. அதோட, உன் முகத்தைத் தினமும் பாக்கற தைரியம் எனக்கு இன்னும் வரலை. கோபம் இருந்த வரைக்கும் தைரியம் இருந்துச்சு. இப்போ வெக்கம்தான் இருக்கு.

ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம். முதல் நாள் அவளைக் கூட்டிட்டு வந்துட்டு இருந்தேன். "அம்மா, இங்க டீச்சருக்கு என் காது தெரியுமா?"ன்னா. தெரியும்னேன். "பக்கத்துல உக்கார்றவளுக்கு?" அவளுக்கும் சொல்லிட்டாங்கன்னேன். கொஞ்ச தூரம் நடந்தா. அப்புறம், "அப்போ நான் இனிமே எல்லார் வாயையும் பாத்துட்டே இருக்க வேணாமா?"

வேணாம்டின்னேன்.

"அப்பாடா"ன்னா.

ஆறு வயசுதான் ஆகுது அக்கா. நாள் முழுக்க மூட்டை தூக்கினவ இறக்கி வெச்ச மாதிரி அப்பாடான்னா. நான் நடுத்தெருவில நின்னு அழுதேன். அவர்கிட்டயும் சொல்லலை, அத்தைகிட்டயும் சொல்லலை. யார்கிட்ட சொல்றதுன்னு நினைச்சுப் பாத்தா உன்னைத் தவிர எனக்கு யாரும் தோணலை.

தங்கை